பழுதுப் புத்தகம்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனை ஊரே கிண்டல் செய்யும். வீட்டோடு மாமனாராக இருப்பவரைக் கிண்டல் செய்ய ஊர் எதற்கு, மாப்பிள்ளை ஒருவனே போதும். நம்முடைய மாப்பிள்ளை அதைத் தொழிலாகவே செய்துகொண்டிருந்தான்.

அவன் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு எழுதுகிறவன். 'எட்டுப் பேர், ஒரு குளியலறை' என்று பெயர். வியாழக்கிழமை மாலை ஏழரைக்கு வரும், அரை மணி நேரம். தயாரிப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். "பாடம் கீடம் நடத்தாதே. யாரும் கத்துக்கிறதுக்கு டி.வி. பாக்கிறதில்ல. பாத்தோமா, சிரிச்சோமா, எழுந்து போனோமான்னு இருக்கணும்." சிரிப்புக்கும் ஒலிப்பதிவுக்காரர் பொறுப்பு. அவர் மேஜையில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒன்று லேசான கலகலப்பு, இரண்டு நடுத்தரம், மூன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. மாப்பிள்ளை வசனத்தின் ஓரத்தில் 'சி.3' என்று எழுதினால் முந்நூறு பேர் சிரிப்பார்கள். எங்கே, எப்போது சிரித்து வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்.

மாமனார் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போன பிறகு ஒரு பெட்டியோடும் ஒரு கருவிப் பையோடும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏழாவது மாடி. வந்து இரண்டு வருடம் ஆகிறது. நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதரோடு குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். குளியலறைக்குள் போனால் நாலு பாட்டு முடியாமல் கதவு திறக்காது. காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு முன்னால் இருப்பவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கர்ப்பிணி லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லுவார். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒன்று உண்டு. தண்ணீர் கேனைத் தூக்கச் சொன்னாலோ, அலமாரியை நகர்த்தச் சொன்னாலோ, வலது கை மெல்ல நெஞ்சுக்குப் போகும். "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்று சோபாவில் சாய்ந்துவிடுவார். கேன் உள்ளே போன அரை மணி நேரத்தில் நெஞ்சில் உட்கார்ந்தவர் இறங்கிப் போயிருப்பார், மாமனார் ஜம்மென்று எழுந்து தேநீர் கேட்பார்.

மாப்பிள்ளை இதையெல்லாம் அப்படியே எடுத்துத் தொடரில் வைத்தான். லிஃப்ட் மெக்கானிக்கைக் கடிகாரம் ரிப்பேர் செய்பவராக்கினான், மீசையை எடுத்தான், தொப்பை வைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"அப்பா கண்டுபிடிச்சிடப் போறாருங்க" என்றாள் மனைவி, ஆரம்பத்தில்.

"அவரா? தன் குறட்டை எவனுக்குக் கேட்டிருக்கு?" என்றான் அவன்.

பத்தொன்பதாவது வாரம் அந்த நெஞ்சு வசனம் வந்தது. தொப்பைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்துட்டாங்கப்பா!" என்றார். சி.3. அன்றோடு மாப்பிள்ளைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அலுவலகங்களில் வேலை கொடுத்தால் நெஞ்சைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடங்களில் வீட்டுப்பாடம் கேட்டால் நெஞ்சைப் பிடித்தார்கள். பனியனில் அச்சடித்து விற்றார்கள். வாரம் தவறாமல் அந்த வசனம் வேண்டும் என்று தயாரிப்பாளர் உத்தரவே போட்டுவிட்டார்.

மாமனார் ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஏழு இருபதுக்கே முகம் கழுவி, மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு நீளப் புத்தகம் இருக்கும். லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்புக்குக் கொடுக்கிற பழுதுப் புத்தகம், எழுதாமல் மிஞ்சிய ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். விழுந்து விழுந்து சிரிப்பார், தொடையில் தட்டுவார், குனிந்து ஒரு வரி எழுதிக்கொள்வார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துச் சிரிப்பான், அவர் குனிந்து எழுதுவது ஓரக்கண்ணில் தெரியும். மனுஷன் வசனத்தை எல்லாம் குறித்து வைக்கிறார், அவ்வளவு பெருமை என்று நினைத்துக்கொள்வான். பாராட்டு என்று வந்துவிட்டால் எழுதுகிறவனுக்குப் பகலிலேயே கண் தெரியாது.

நாற்பது வாரம் தாண்டியதும் கிணறு வற்ற ஆரம்பித்தது. மாமனார் பாடுவதில்லை, காரில் வாய் திறப்பதில்லை, கதை சொல்வதில்லை. தண்ணீர் கேனைக் கேட்காமலே தூக்கி வந்து வைத்தார்.

"உங்கப்பா இப்பல்லாம் ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறாரு" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டான். "இப்படியே தங்கமா இருந்தா நான் எதை எழுதுறது?"

"வயசாகுதுல்ல, அடங்கிட்டாரு" என்றாள் அவள்.

ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மனைவி தன் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். கட்டிடத்தில் லிஃப்ட் நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. சத்தம் சரியில்லை என்று மாமனார் பதினைந்து நாளுக்கு முன்பே மேலாளரிடம் சொல்லிப் பார்த்தார். "லிஃப்ட் நிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் போட்டுச் சொல்லிடும் சார், நாமதான் காது கொடுக்கணும்" என்றார். மேலாளர் காது கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். ஐம்பதாவது வாரம் வருகிறது, நெஞ்சு வசனத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து காவலாளி அழைத்தார். அச்சிடும் தாள் ஒரு பெட்டி வந்திருக்கிறது, தபாலும் இருக்கிறது என்றார்.

மாப்பிள்ளை எழுந்திருக்குமுன் மாமனார் செருப்பை மாட்டியாயிற்று.

"ஏழு மாடி மாமா, நான் போறேன்."

"நீங்க எழுதுங்க மாப்பிள்ளை. எழுதுற ஆளை எதுக்குப் படி ஏற வைக்கணும்? நான் போயிட்டு வந்துடுறேன்."

அவன் இரண்டாம் தடவை சொல்லவில்லை. மாமனார் போனதும் அறை அமைதியாக இருந்தது. எழுத ஒன்றும் வரவில்லை. கண் நாற்காலிக்குப் போயிற்று, நாற்காலியில் புத்தகம் இருந்தது. இத்தனை நாள் எந்த வசனத்துக்குச் சிரித்தார் என்று பார்த்தால் புதிதாக ஒன்று அகப்படலாமே என்று தோன்றியது. வாசல் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.

கட்டங்கள் அச்சடித்த பக்கம். தேதி, பழுது, செய்தது, குறிப்பு. தேதி என்ற இடத்தில் வாரத்தின் எண் இருந்தது. மெக்கானிக்கின் அழுத்தமான கையெழுத்து.

வாரம் 2. பழுது: குளியலறையில் பாட்டு, வெளியே ஆள் காத்திருக்கிறது. செய்தது: பாட்டு நிறுத்தப்பட்டது.

வாரம் 5. பழுது: பின்சீட்டிலிருந்து வண்டி ஓட்டுவது. செய்தது: ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வது.

வாரம் 9. பழுது: வந்தவர்களிடம் கர்ப்பிணி கதை சொல்லி அறுப்பது. செய்தது: கதை நிறுத்தப்பட்டது. குறிப்பு: இரண்டு முறை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடரில் கர்ப்பிணி கதை கிடையாது, கடிகாரத்துக்குள் பல்லி புகுந்த கதைதான் உண்டு. பல்லியைப் பார்த்த மாத்திரத்தில் இவர் கர்ப்பிணியைத் தெரிந்துகொண்டிருக்கிறார். இரண்டாவது வாரத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, வீட்டில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரி செய்திருக்கிறார். ஆளில்லாத வீட்டில் அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டினான்.

வாரம் 19. பழுது: நெஞ்சு பிடிப்பதைச் சொல்லி வேலையைத் தட்டிக் கழிப்பது. செய்தது: இனிமேல் சொல்வதில்லை.

அதற்குக் கீழே குறிப்புக் கட்டம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது. இங்கே வாரமில்லை, நிஜத் தேதிகளே இருந்தன.

வந்தது. சொல்லவில்லை.

வந்தது. படிக்கட்டு. சொல்லவில்லை.

வந்தது. தண்ணீர் கேன். ஐந்து நிமிடம். சொல்லவில்லை.

அவன் விரல் வைத்து எண்ணினான். இருபத்திரண்டு. கடைசி வரியில் மை இன்னும் புதிதாக இருந்தது. இன்றைய தேதி. காலை 6.10. வந்தது. இடது கை வரை. சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. புத்தகம் எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. செருப்பில்லாமல் கதவைத் திறந்துபோட்டுப் படியில் ஓடினான்.

நாலாவது மாடியில் ஐந்தாம் மாடி டீச்சர் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க மாமனார் சரியான ஆளு சார்! மூணாவது மாடியில உக்காந்து, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, அப்படியே டி.வி.ல வர்ற மாதிரியே பண்றாரு. 'யாரு பெரியவரே ஏறி உக்காந்தது'ன்னு கேட்டேன். 'யாருமில்லம்மா, நீங்க போங்க'ங்கிறாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல!"

அவன் அவரைத் தள்ளாத குறையாக இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்த டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில், நின்றுபோன லிஃப்டின் கதவில் முதுகைச் சாய்த்து மாமனார் உட்கார்ந்திருந்தார். தாள் பெட்டி பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சாம்பலாகக் கிடந்தது. மாப்பிள்ளையைக் கண்டதும் நெஞ்சிலிருந்த கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மாமா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சும்மா உக்காந்தேன். பெட்டிய... இதோ கொண்டாந்துடுறேன்."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லல்ல."

"மாமா, புத்தகத்தப் பாத்துட்டேன். சொல்லுங்க மாமா, வலிக்குதா?"

மாமனார் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம்" என்றார்.

மாப்பிள்ளை ஆம்புலன்ஸுக்கு அழைத்தான். எடுத்த பெண், நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். வேறு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அந்த வலிக்கு அது ஒன்றுதான் பெயர்.

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சார், இது அவசர நம்பர். ஒரு நாளைக்கு எத்தனை பேரு இதே ஜோக்கைச் சொல்லிட்டுச் சிரிக்கிறீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

"ஜோக்கு இல்லம்மா! நிஜம்மா! நிஜமாவே செத்துக்கிட்டிருக்காரும்மா!"

அவன் அலறிய அலறலில் மாடிக்கு மாடி கதவு திறந்தது. அந்தப் பெண் உடனே குரல் மாறி, முகவரி கேட்டாள். அந்தப் பெருமூச்சை மாப்பிள்ளை சாகும் வரைக்கும் மறக்கப் போவதில்லை. அந்த நம்பருக்கு இதற்கு முன் யார் யார் நிஜமாகவே அழைத்தார்களோ, அவர்களுக்கெல்லாம் இந்தப் பெருமூச்சு கேட்டிருக்குமே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

டீச்சர் மூன்றாம் மாடிக்காரர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். பெரியவரை அதில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள். "நான் சிரிச்சிட்டேனே, நான் சிரிச்சிட்டேனே" என்று டீச்சர் அழுதுகொண்டே நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமனார்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார். "எல்லாரும் சிரிக்கிறதுதாம்மா. பாத்து, படி ஒண்ணு உடைஞ்சிருக்கு."

இரண்டு இடத்தில் அடைப்பு. இன்னும் அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்றார் மருத்துவர். வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "மாசக்கணக்கா வலி இருந்திருக்கணுமே. உங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?"

"சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு" என்றான் மாப்பிள்ளை. "அப்புறம் நிறுத்திட்டாரு."

"ஏன்?"

மருத்துவர் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

கடையிலிருந்து ஓடி வந்த மனைவி, வழியில் வீட்டைப் பூட்டப் போனபோது தரையில் கிடந்த புத்தகத்தையும் எடுத்து வந்திருந்தாள். நடைக்கூட பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவன் பக்கத்தில் நின்றான். உட்காரத் துணிவில்லை. அவள் ஓரிடத்தில் நிறுத்தி, அவனிடம் புத்தகத்தை நீட்டினாள். அவன் பார்க்காமல் ஓடி வந்த பக்கம்.

வாரம் 31. பழுது: விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான் இரண்டு வருடம். செய்தது: முதியோர் இல்லத்துக்கு எழுதியாயிற்று. பதிலை எதிர்பார்க்கிறேன். குறிப்பு: தபால் மாப்பிள்ளை கையில் கிடைக்கக் கூடாது, வருத்தப்படுவார்.

நர்ஸ் கொடுத்த பையில் நனைந்த சட்டை இருந்தது. சட்டைப் பையில் பிரித்து மடித்த கடிதம் இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு கட்டில் காலி, வரலாம் என்று எழுதியிருந்தார்கள். ஏழு மாடியையும் மாமனார் எதற்காக முந்திக்கொண்டு இறங்கினார் என்பது அப்போதுதான் மாப்பிள்ளைக்கு விளங்கியது. தாள் பெட்டிக்காக இல்லை.

"இதுக்கு நான் பதில் எழுதிடுறேன்..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம்" என்றாள் மனைவி. "நீங்க எழுதின வரைக்கும் போதும்." கடிதத்தை வாங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். பிறகு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மாமனாரைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை மட்டும் பக்கத்தில் இருந்தான். மன்னிப்பை நாலு விதமாக மனதில் எழுதிப் பார்த்து, நாலையும் அடித்திருந்தான். கடைசியில் வந்தது மன்னிப்பே இல்லை.

"அது ஜோக்கு மாமா. வெறும் ஜோக்கு. அதைப் போயி..."

"தெரியும் மாப்பிள்ளை. நல்ல ஜோக்குதான், நானும் சிரிச்சேன். பாதி நாளு பொய்தானே சொன்னேன்? கேன் தூக்கச் சோம்பல்." மாமனார் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க அத்தை உசுரோட இருந்தப்ப பாட்டை நிறுத்துங்க, பாட்டை நிறுத்துங்கன்னு நாப்பது வருஷம் அடிச்சுக்கிட்டா. கேட்டேனா? நீங்க அரை மணி நேரத்துல கத்துக் குடுத்துட்டீங்க. எனக்கு உங்க மேல கோபமே கிடையாது."

"அந்த மூணு நாள் விருந்து வசனம்... அதுவும் சும்மா எழுதினதுதான் மாமா."

மாமனார் போர்வையின் நுனியை இழுத்துச் சரி செய்தார்.

"மத்த ஜோக்குக்கெல்லாம் நீங்க டி.வி.யப் பாத்துச் சிரிப்பீங்க மாப்பிள்ளை. அன்னைக்கு மட்டும் சிரிக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தீங்க."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. அதை எழுதிய வாரம், மாமனார் எப்போது கிளம்புவார் என்று அவன் உண்மையாகவே நாள் எண்ணிக்கொண்டிருந்தான். மனைவியிடம்கூடச் சொல்லாததைத்தான் தொப்பைக்காரரின் மருமகன் வாயில் வைத்தான். புரிகிறதா என்று பார்க்கத்தான் அன்று அவர் முகத்தையே பார்த்தான். இவ்வளவு காலம் தன்னிடமே ஒப்புக்கொள்ளாதது அது. நல்ல மனிதன் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அந்தக் கட்டிலோரத்தில் செத்தது.

அப்போது மாமனாரின் முகம் சுருங்கியது. வலது கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்து, பாதி வழியில் தயங்கி, பிறகு நெஞ்சுக்குப் போயிற்று.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"லேசா..." அவர் அவன் கண்ணையே பார்த்தார். "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் பக்கென்று சிரித்தார். அவரைப் பார்க்க வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அசல் சி.3. மாப்பிள்ளை நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

நர்ஸ் வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார், நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, சொன்னது நல்லதாயிற்று, இனிமேலும் சின்னதாக வந்தாலும் சொல்ல வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் அடங்கியது. மாப்பிள்ளை உதைத்துத் தள்ளிய நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.

மாமனார் புத்தகத்தைக் கேட்டார். அவன் எடுத்துக் கொடுத்தான், தன் பேனாவையும் கொடுத்தான். அவர் இருபத்திரண்டு வரிகளுக்குக் கீழே இடம் தேடி, தேதி போட்டு, மணி பார்த்து எழுதினார்.

வந்தது. சொன்னேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.